பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு

ஐந்தாம் வகுப்புவரை நான் படித்த நகராட்சிப் பள்ளிக்கு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, மாதம் ஒருமுறை போய்வருகிறேன். 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் தந்தார்கள். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன், தீர்மானங்களைப் பிழையில்லாமல் எழுதித் தருவான் என்று தலைமையாசிரியர் நினைத்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை நான் பொய்யாக்கவில்லை. 'மேற்கூரை ஒழுகுவதைச் சரிசெய்து தருமாறு நகராட்சியைக் கேட்டுக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியத்தை இதுவரை நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் சுவரும் கூரையும் நகராட்சிக்குச் சொந்தம். ஆசிரியர்களுக்குக் கணக்குக் கேட்பது கல்வித் துறை. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் இதே கதைதான். 1981 ஜூன் முதல் அங்குள்ள ஆசிரியர்கள் அரசு ஊழியராகிவிட்டார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் ஒன்றியம் நிலைத்துவிட்டது. ஆகவே உள்ளாட்சி மன்றம் பள்ளியைப் பார்க்க வந்தால் சுண்ணாம்பையும் சுற்றுச்சுவரையும் குழாயையும் பார்த்துவிட்டுப் போகும். பிள்ளைகளைப் பார்ப்பது வேறு யாருடைய வேலையோ என்றாகிவிட்டது.

எங்கள் குழுவில் வார்டு கவுன்சிலரும் உறுப்பினர். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், பெண்களுக்கான பாதி இடங்களில் ஒன்றில் வென்று வந்தவர். எட்டாம் வகுப்புப் படிப்பு, மகளிர் சுய உதவிக் குழுவில் பத்தாண்டு அனுபவம். உத்திரமேரூர்ச் சபையில் குடவோலையில் பெயர் எழுதப்படவே கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். அங்கே ஏரிக்கு வாரியம் இருந்தது, தோட்டத்துக்கு வாரியம் இருந்தது. பராந்தகன் காலத்து அந்த இரு கல்வெட்டுகளிலும் பள்ளிக்கென்று ஒரு வாரியத்தை நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூரையையும் தண்ணீர்த் தொட்டியையும் பேசி முடித்துத் தேநீர் வந்த வேளையில் அந்த அம்மையார் கேட்டார்: "பிள்ளைங்க எல்லாம் ஒழுங்கா வருதா சார்? வராத பிள்ளை எத்தனை?"

தலைமையாசிரியர் சற்றுத் தடுமாறினார். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் மூன்று வாரங்களாக வரவில்லை, எமிஸ் செயலியில் ஏற்றியாகிவிட்டது என்றார்.

"ஏத்தியாச்சு சரி. ஏன் வரலை?"

அந்தக் கேள்வி என்னை 1990-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அதே கட்டடம், அதே ஐந்தாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை. சில வாரங்கள் கழித்து, ஆசிரியர் அடிக்கோலை வைத்து வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். கோணாத அழகான கோடு. பெங்களூரில் ஒரு பேக்கரிக்குப் போய்விட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. பள்ளியில் சத்துணவு இருந்தது. பசியால் அவன் போகவில்லை. பிறகு எதனால் போனான்? ஆசிரியர் கேட்கவில்லை, நகராட்சி கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நானும் கேட்கவில்லை. அவனுடைய சத்துணவுத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். என்னுடையதைவிட அது பெரிது.

கவுன்சிலரம்மா கேட்ட கேள்வியை இந்த மாநிலத்தில் ஒரு மன்றம் முன்பே கேட்டிருக்கிறது. சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசி ஒரு காரணம் என்பதை மன்றம் ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பர் 16 அன்று இசைவு தந்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாதென்று ஆங்கில அரசு மறுத்துவிட, 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. உணவு கல்விச் செலவில் சேருமா என்ற தணிக்கைக் கேள்வி பிள்ளைகளின் எண்ணிக்கையை வென்றுவிட்டது. ஏறத்தாழ நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பலரும் அந்த ஓரணாவை நினைவுகூர்ந்தார்கள். உணவைப் போற்றினோம். உணவுக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வியை அவ்வளவாகப் போற்றவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்பதாம் பிரிவில் இதைக் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பேண வேண்டும். அவர்கள் சேர்வதையும் வருவதையும் படித்து முடிப்பதையும் கண்காணிக்க வேண்டும். நம் நகராட்சியில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுப் போனேன். எழுத்தர் மரியாதையாக நாற்காலி போட்டு, "அது கல்வித் துறை சமாச்சாரம் சார்" என்றார். சொத்துவரிப் பதிவேடு அவர் மேசைமேல் சிவப்புத் துணிக் கட்டோடு இருந்தது.

கூட்டம் முடிந்த மறுநாளே கவுன்சிலரம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். தாய் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சிறுமி இரண்டரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"பால்வாடியை இடிச்சிட்டாங்கக்கா. இப்ப ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட வாடகைக் கட்டடத்துல நடக்குது. இவனைத் தூக்கிட்டுப் போய் வந்தா எனக்கு ஐந்நூறு பீடி கணக்கு குறையும். அதான் இவளை நிறுத்தி வச்சேன்."

கவுன்சிலரம்மா ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனைக்கு வந்த பிறகு நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழுதான கட்டடம், இடிக்கணும்னு மன்றத்துல பொருள் வந்துச்சு சார். நானும்தான் கை தூக்கினேன். புள்ளைங்க எங்க போகும்னு அன்னிக்குக் கேட்கத் தோணலை."

அவர் கை தூக்கியதில் தவறில்லை. அந்தக் கட்டடத்தின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அங்கன்வாடி ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை, கட்டடம் மூன்றாவது துறை. மூன்று கோப்புகளும் ஒரு மேசையில் சேர்ந்ததே இல்லை. இந்தச் சிறுமியின் இடுப்பில்தான் சேர்ந்திருந்தன.

பள்ளியில் பயன்படாத ஒரு வகுப்பறையை அங்கன்வாடிக்குத் தற்காலிகமாகத் தரலாம் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதினேன். இம்முறை 'ஒருமனதாக' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். இசைவு இன்னும் வரவில்லை. கவுன்சிலரம்மா வாரம் ஒருமுறை நகராட்சிக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

அதற்குள் அந்தச் சிறுமி வரத் தொடங்கிவிட்டாள். தம்பியும் கூடவே வருகிறான், கடைசி பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்குகிறான். பதிவேட்டில் அவனுக்கு இடமில்லை. மதியத்தில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.