தங்கையின் விண்ணப்பப் பத்திரம்

விண்ணப்பப் பத்திரம் ஒன்றை நிரப்புவது அரைமணி நேரத்து வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பேராதனைக்கு வந்து சேர்ந்தபின் நானும் அவ்வாறே எண்ணத் தொடங்கியிருந்தேன். 1994 ஆம் ஆண்டில் என் தங்கை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பி, வர்த்தமானியிற் கண்ட மாதிரிப் பத்திரத்தைத் தன் கையாற் பிரதிசெய்து என்னிடம் நீட்டியபோதுதான் அவ்வெண்ணம் கலைந்தது. அந்த ஒரு தாளை நிரப்பி முடிக்க எங்களுக்கு ஏழு வாரங்கள் சென்றன.

ஹற்றனுக்கு அப்பால் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலைகளினூடே இரண்டு கட்டை தூரம் ஏறிச் செல்லவேண்டிய தோட்டம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போய்ப் பேர் வாங்கி எங்களை வளர்த்தவர்கள். தாதியாக ஏன் விரும்புகிறாய் என்று நேர்முகப் பரீட்சையில் வினவினால், சேவை மனப்பான்மை என்று விடை கூறும்படி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது பொய்யன்று. ஆயினும் உண்மையான காரணம் வேறு. அதனை அவளுக்கு அளித்தவன் நானே.

1977 ஆம் ஆண்டில் எனக்கு வயது ஒன்பது. கருவுற்றிருந்த அம்மாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வாட்டினுள் ஆண்களை விடமாட்டார்கள். சிறுவனாகையால் என்னை விட்டார்கள். கடைவீதியிற் கேட்டுப் பழகிய சிங்களம் எனக்குச் சிறிது தெரியும். அங்கு கடமையிலிருந்தவர்களுக்கோ தமிழ் தெரியாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூனு நாளா தீட்டு நிக்கல சாமி. கட்டி கட்டியாப் போவுது. மிஸ்ஸிகிட்டச் சொல்லு" என்றார். அச்சொல்லை லயத்தில் பெண்கள் தணிந்த குரலிற் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது ஆண்பிள்ளைகள் வாயில் எடுக்கத்தகாத சொல் என்பதையும் அறிந்திருந்தேன். அதற்குரிய சிங்களச் சொல்லும் எனக்குத் தெரியாது. ஆகவே நான், "பட ரிதெனவா" என்றேன். வயிறு வலிக்கிறதாம். அவர்கள் வயிற்றுவலிக்குரிய மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். மாலையில் அம்மா மயங்கி விழுந்தார். அடுத்த கட்டிலிற் கிடந்த சிங்கள மூதாட்டி ஒருவர் விரிப்பிற் பரவிய இரத்தத்தைக் கண்டு கூக்குரலிட்டிராவிடில் அம்மா பிழைத்திருக்கமாட்டார். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த வாட்டிலே பணிபுரிந்தோரை நான் குறைகூறமாட்டேன். நூறு நோயாளர் நடுவே மூவரோ நால்வரோ ஓடித்திரிந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். இதனை நான் எவருக்கும் சொல்லவில்லை. தங்கை உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் இரவு, குப்பி விளக்கின் முன்னே அவளுக்கு மட்டும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அந்த வாட்டுல தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கூடவா இல்ல அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். முதல் வினா முழுப்பெயர். தங்கையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துக் குறைவு. பாடசாலைப் பதிவேட்டில் அவ்வெழுத்து உண்டு, ஆனால் தந்தை பெயருக்குரிய இடத்திற் பாட்டனார் பெயர். அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழிலோ அவள் பெயர் வேறொரு விதமாக இருந்தது. தமிழ்ப் பெயரைச் செவியாற் கேட்டு வேற்று மொழியில் எழுதியவரும், அதனை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தவரும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதிவிட்டனர். மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவான் ஒருவரிடம் ஒப்பம் பெறவேண்டியிருந்தது. அதற்காக அப்பா இரண்டு நாட் சம்பளத்தை இழந்தார். மலையகத்தில் இத்தகைய பெயர்ப் பிழை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அடுத்த தடை பிரஜாவுரிமை. இலங்கைப் பிரஜையா என்று கேட்பதோடு அப்பத்திரம் நிற்கவில்லை. பரம்பரை வழியாலா, பதிவு வழியாலா என்றும் கேட்டது. பதிவாயின் சான்றிதழின் இலக்கமும் திகதியும் தருதல் வேண்டும். அக்காலத்து அரசாங்கப் பத்திரங்களை நிரப்பிய மலையகத்தார் எவரும் இவ்வினாவை மறந்திரார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும், 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டதும், எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டதும் இம்மலரை வாசிப்போர் அறியாதனவல்ல. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்க வந்தவை. நான் சொல்லவிரும்புவது சிறியதொன்று. காய்ச்சல்மானியைப் பிடிக்கக் கற்க விரும்பும் ஒரு பெண்ணிடம், அவளது பாட்டனார் எக்கரையிற் பிறந்தார் என்பதை முதலில் விசாரிக்கும் ஒரு முறையை நாம் அன்று வியப்பின்றி ஏற்றுக்கொண்டிருந்தோம். அப்பாவின் சான்றிதழ், தகரப் பெட்டியின் அடியில், அம்மாவின் கூறைச்சேலை மடிப்பினுள் இருந்தது. அதன் ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. இலக்கம் தப்பியிருந்தது. அன்று அப்பா சிரித்த சிரிப்பை வேறொரு நாளும் நான் கண்டதில்லை.

உயரத்தைப் பற்றியும் ஒரு நிபந்தனை இருந்தது. தங்கை பிறந்தது 1973 இல். அவ்வாண்டையும் அடுத்த ஆண்டையும் தோட்டங்கள் பஞ்ச காலம் என்றே நினைவுகூர்கின்றன. மாவும் அரிசியும் கிடையாமல் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தின்று கிடந்த காலம் அது. அக்காலத்துப் பிள்ளைகள் வளரவில்லை. தங்கையைக் கதவு நிலையோடு நிறுத்தி, தையற்காரரிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளந்தோம். அரை அங்குலத்தால் தப்பினாள். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்குமான வீதம் 17.3. ஆகவே இது கடந்த காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்து மாதங்களின் பின் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பரீட்சை ஒரு திங்கட்கிழமை. கடிதம் எங்கள் கைக்குக் கிடைத்தது புதன்கிழமை. லயங்களுக்கு அக்காலத்தில் இலக்கமோ தெருவோ கிடையாது. தொழிலாளருக்கு வரும் கடிதங்கள் யாவும் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், யாரேனும் எடுத்துவரும்வரை அங்கே கிடக்கும். இக்கடிதம் ஒன்பது நாட்கள் கிடந்தது என்பதைத் தபாற் கந்தோரின் முத்திரை காட்டிற்று. எவர்மீதும் வழக்குரைக்க அப்பா விரும்பவில்லை. இருப்பது அவர்களது லயம் என்றார். தங்கை அழவில்லை, மறுநாள் பிள்ளைக்காம்பராவில் ஆயாவுக்கு உதவியாக வேலைக்குப் போனாள். அந்த ஒரு வருடத்தை நான் அவளோடு சரியாகப் பேசாமற் கழித்தேன். வெட்கம் என்பதைத் தவிர அதற்குக் காரணம் கூறத் தெரியவில்லை.

அடுத்த முறை ஹற்றன் நகரிலிருந்த ஒரு துணிக்கடையின் முகவரியைக் கொடுத்தோம். அக்கடைக்காரர் தம் மேசை இழுப்பறையில் இவ்வாறு பல குடும்பங்களின் கடிதங்களைக் காத்துவந்தார், காசு வாங்கியதில்லை. மலையகத்துப் பட்டதாரிகள் பலரின் கல்விக்கு இத்தகைய கடை மேசைகள் செய்த உதவியை ஆராய்ச்சியாளர் எவரேனும் எழுதுதல் நன்று. அழைப்பு வந்த அன்றே தம் கடைப் பையன் ஒருவனைத் தோட்டத்துக்கு அனுப்பினார் அவர். தங்கை தெரிவானாள். கண்டியில் மூன்று வருடங்கள் பயின்றாள். நூல்கள் ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சுச் சிங்களத்தில், இரண்டையும் அகராதி கொண்டு கடந்தாள். அவள் முதன்முதலில் வெள்ளைச் சீருடையோடு லயத்துக்கு வந்தபோது, அவளைப் பெற்றெடுக்கையில் உடனிருந்த மருத்துவிச்சிக் கிழவி தொட்டுப் பார்த்து, சீலை அழுக்காகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். சட்டமும் வந்தது, கட்டடமும் வந்தது. 1987 இற் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. கட்டிலருகே நின்று தமிழில் விசாரிக்கும் ஆள் வருவதற்கோ, ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பெண் விஞ்ஞானம் படித்து, பெயர்ப் பிழை திருத்தி, கடிதம் காலத்தில் கிடைத்து, வயதெல்லை கடக்குமுன் உள்ளே புகவேண்டியிருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று தாதியியலில் பட்டமே பெறலாம். அவ்வாயில்வரை வந்து சேரும் தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நம் சங்கத்தார் தத்தம் பிரதேசத்திலேனும் எண்ணிப் பார்க்கலாம்.

தங்கை இப்பொழுது மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூத்த தாதி. சிறு பிள்ளைகள் தாய்க்காக மொழிபெயர்க்க முன்வந்தால், அவர்களை விறாந்தைக்கு அனுப்பிவிட்டுத் தானே கட்டிலருகிற் சென்று நிற்பாளாம். தமிழ் தெரியாத சக தாதிமாருக்காகக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறாள். தலை கிறுகிறுத்தல், நெஞ்சு கரித்தல், அடிவயிறு இழுத்தல் என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லும் சொற்கள் ஒருபுறம்; அவற்றின் பொருள் சிங்களத்தில் மறுபுறம். சென்ற வருடம் நான் போயிருந்தபோது அதனை மேசைமேல் வைத்துவிட்டு வாட்டுக்குள் போனாள். புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லும் இருந்தது. எதிர்ப்புறத்தில் இருந்த சிங்களச் சொல்லை ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். அவள் திரும்பி வந்ததும் இருவரும் தேநீர் குடித்தோம்.