மோட்டாருக்கும் 28 நாள்

எங்கள் வீட்டில் ஆள் நான்கு, சிம் ஆறு. கூடுதலாக உள்ள இரண்டும் மோட்டார்களுக்கு. கொடிக்கால் கிணற்று மோட்டாருக்கு ஒன்று, வாழைக்குப் பாயும் போர் மோட்டாருக்கு ஒன்று. மோட்டார் ரூம் சுவரில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி தொங்கும். மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். சிம் அதற்குள் இருக்கிறது. வேலூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பொத்தனூர்ப் பக்கத்துக் காட்டு மோட்டாருக்குப் போன் போடலாம். எடுத்ததும் 1-ஐ அழுத்தினால் ஓடும், 2-ஐ அழுத்தினால் நிற்கும். த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும்.

இந்தச் சித்திரையில் கிணற்று மோட்டார் கூப்பிடுவதை நிறுத்தியது. கரண்டுதான் ஒழுங்காக வரவில்லை என்று நினைத்து, நானே அவ்வப்போது போட்டுப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் தண்ணீர் எங்கள் கடைசிக்கு எட்டாத நேரம். வெற்றிலைக்கு ஈரம் காயக் கூடாது. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி பத்தரை மணிக்குப் போட்டால், இந்த எண்ணுக்கு இன்கமிங் வசதி இல்லை என்று ஒரு அம்மணி சொன்னாள். டிவிஎஸ் எக்செல்லை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று லைட்டும் எரிகிறது, பியூஸ் சரி, கையால் பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடுகிறது. சிம்மின் வாலிடிட்டிதான் முடிந்திருந்தது. முடிந்ததும் முதலில் அவுட்கோயிங்கை நிறுத்தியிருக்கிறார்கள், சில நாள் கழித்து இன்கமிங்கையும். மோட்டார் முதலில் ஊமையாகி, பிறகு செவிடாகியிருக்கிறது.

அங்கேயே ரீசார்ஜ் போடலாம் என்று என் செல்லை எடுத்தேன். இருபத்தையாயிரம் ரூபாய் செட். வட்டம் சுற்றியது. ஆற்று மேட்டில் ஏறி நின்றால் அக்கரை கரூர்ப் பக்கத்து டவர் கிடைக்கும் என்று ஏறினேன். ஒரு கோடு வந்தது, பணம் போயிற்று, ரீசார்ஜ் ஆகவில்லை. "24 மணி நேரத்தில் திருப்பித் தரப்படும்." தண்ணீர் கடைசி வரப்பை எட்ட ராத்திரி ரெண்டு மணி ஆகும். அகத்திக்கடியில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டே யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் ஒரு செல் பைத்தியம். வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய செட்டு கிடக்கிறது. 2003-ல் வந்த நோக்கியா 1100-தான் முதல் காதல். தூசி புகாத ரப்பர்க் கீபேட், உச்சியில் டார்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது என்கிறார்கள். பாதி பேர் டார்ச்சுக்காகத்தான் வாங்கியிருப்பார்கள் என்பது என் துணிபு. ராத்திரி வரப்பில் நடக்கிறவனுக்குப் பேச்சைவிட வெளிச்சம் முக்கியம். பிறகு கொழுத்த வயிற்றோடு 6600. அப்புறம் நான்கு ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் டிவி ஏரியலோடு 'கொரியா செட்' ஒன்று. பெயர்தான் கொரியா, பிறந்தது சீனாவில். சந்தைக்கு எடுத்துப் போனால் வெற்றிலைச் சுமைக்கு விலை கேட்க வந்தவர்களும் பாட்டுக் கேட்டுவிட்டுப் போவார்கள். 2009 டிசம்பர் பிறந்ததும் ஐஎம்இஐ எண் இல்லாத செட்டுகளுக்கெல்லாம் இணைப்பைத் துண்டித்தார்கள். அதற்கு முன்பே, 199 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படிப்பட்ட செட்டுகளுக்குள் அசல் எண்ணை ஏற்றித் தர நாடு முழுக்க ஏற்பாடு இருந்தது. எண் வாங்கிய என் கொரியாக்காரன் இன்னும் நான்கு வருசம் பாடிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

அதற்குப் பிறகு வந்த எதையும் நான் அப்படிச் சொந்தமாக நினைக்க முடியவில்லை. இப்போது கையில் இருப்பதன் முதுகைத் திறக்க முடியாது. பேட்டரி செத்தால் ஹீட்டர் வைத்துப் பிரிக்கிற கடைக்குப் போக வேண்டும். இயர்போன் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நான் கேட்காத ஆப் பத்து, வாங்கும்போதே உள்ளே குடியிருந்தன. அழித்தால் 'டிசேபிள் மட்டும் செய்யலாம்' என்கின்றன. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஈரக் கையைப் பொறுத்துக்கொள்ளாததுதான் வயிற்றெரிச்சல். விரல் பட்டதும் மாறும் மின்னூட்டத்தை வைத்துத்தான் இந்தக் கண்ணாடி தொடுதலை உணர்கிறது. மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதுவும் விரல் என்று நினைத்துக்கொள்கிறது. மடை மாற்றிக்கொண்டிருப்பவன் கை காய்வது எப்போது? 1100-ஐச் சேற்றுக் கட்டைவிரலால் அமுக்கிப் பேசியவன் நான்.

இத்தனை பார்த்த பிறகு, என்னிடம் இருப்பதில் நம்பிக்கையான கருவி எது என்று கேட்டால் அந்த டிபன் பாக்ஸைத்தான் காட்டுவேன். அதற்குத் திரை இல்லை, கேமரா இல்லை. போன் கீபேடில் எந்த எண்ணை அமுக்கினாலும் இரண்டு சுருதி சேர்ந்து ஒலிக்கும். 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். அறுபதுகளில் அமெரிக்காவில் பட்டன் போனுக்குக் கண்டுபிடித்தது. பெட்டி அந்தச் சுருதியைக் கேட்டு மோட்டாரைப் போடுகிறது. நாதஸ்வரக்காரர் கண்ணசைவில் தவில்காரர் கை வைப்பதுபோல. கிணறு வற்றினால் தானே அணைக்கும், ஒரு பேஸ் போனால் அணைக்கும். புனேயில் சந்தோஷ் ஆஸ்த்வால் என்ற பொறியாளர், விவசாயியான தன் தாத்தா ராத்திரி ராத்திரியாக மோட்டார் போட நடந்ததைப் பார்த்து 'நானோ கணேஷ்' என்று ஒன்றைச் செய்தார். 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. நம் கொங்கு நாட்டில் இன்று இந்தப் பெட்டி இல்லாத கிணற்று மேடு குறைவு.

இதற்கு வேண்டியது ஒரு பழைய 2ஜி சிம், நாளைக்கு இரண்டு கால். இதை மட்டும் தனியாக எந்தக் கம்பெனியாலும் தர முடியவில்லை.

முன்பு தந்தார்கள். 2005 கடைசியில் 'லைஃப் டைம்' என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங். எங்கள் அய்யன் கேட்டார், "ஆருடைய ஆயுசுக்குடா?" நாங்கள் சிரித்தோம். 2006-ல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அதற்குப் பதில் சொல்லியது: கம்பெனியின் லைசென்ஸ் எதுவரைக்குமோ அதுவரைக்கும்தான் லைஃப் டைம், அந்த லைசென்ஸ் என்றைக்கு முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். அய்யன் கேள்வியில் விஷயம் இருந்தது.

கம்பெனியின் ஆயுசு எவ்வளவு என்பதை 2018 பிப்ரவரியில் தமிழ்நாடே பார்த்தது. ஏர்செல் நம் ஊர்க் கம்பெனி. 1999-ல் சி. சிவசங்கரன் ஆரம்பித்தது, 2006-ல் ஆனந்த கிருஷ்ணனின் மலேசிய மேக்சிஸ் கைக்குப் போனது. தோனி மஞ்சள் சட்டையில் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு விளையாடினார். டவர்க்காரர்களுக்குப் பணம் கட்ட முடியாமல் அந்த மாதம் மூன்றாம் வாரம் சிக்னல் போய்விட்டது. மாதக் கடைசியில் திவால் மனு. கோடிக்கு மேற்பட்டவர்கள் அவசர அவசரமாக வேறு கம்பெனிக்கு ஓட வேண்டியதாயிற்று. ஓடுவதற்கு வழி என்ன? போர்ட் என்று அடித்து 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும், எட்டெழுத்துக் கோடு ஒன்று திரும்ப மெசேஜில் வரும். சிக்னலே இல்லாத போனிலிருந்து! வீடு பற்றி எரியும்போது கதவுச் சாவி உள்ளே இருக்கிற கதை. பேங்க் ஓடிபி அந்த நம்பரில், கேஸ் பதிவு அந்த நம்பரில். மொட்டை மாடியிலும் சாலை மேட்டிலும் கையை உயர்த்திக்கொண்டு ஜனங்கள் நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லைஃப் டைம் போட்ட கிழவர்கள் கல்லுக்குண்டுபோல் இருந்தார்கள். போய்ச் சேர்ந்தது கம்பெனி.

அதே வருசக் கடைசியில் மிச்சமிருந்த தனியார் கம்பெனிகள் மாசா மாசம் கட்டினால்தான் இன்கமிங் என்று ஆக்கின. அந்த மாசத்துக்கும் 28 நாள்! நம் பஞ்சாங்கத்தில் இல்லாத மாசம் இது. தையோ மாசியோ 28 நாளில் முடிந்து நான் பார்த்ததில்லை. வருசத்துக்குப் பன்னிரண்டு மாசம் என்று படித்தவன், பதின்மூன்று தடவை கட்டுகிறான். 2022-ல் டிராய், 30 நாளைக்கு ஒன்றும் மாசா மாசம் அதே தேதியில் புதுப்பிக்கிற மாதிரி ஒன்றும் கட்டாயம் வைக்கச் சொன்னது. வைத்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். நமக்கு முன்னால் வந்து நிற்பது எப்போதும் 28-தான்.

ஒருமுறை மோட்டார் சிம்முக்கு சிக்னல் வரவில்லை என்று கஸ்டமர் கேருக்குப் போட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. தமிழுக்கு ஒரு எண், புகாருக்கு ஒரு எண், பாட்டு, மறுபடி பாட்டு.

"எந்த ஊருங்க சார்?"

"வேலூர்ங்க."

"கோட்டை இருக்குதே, அந்த வேலூருங்களா?"

"இல்லம்மா, வெத்தலை இருக்கற வேலூர். பரமத்தி வேலூர். நாமக்கல் மாவட்டம்."

எழுதிக்கொண்டதாகச் சொன்னார். மறுநாள் என்ஜினீயர் ஒருவர் என் செல்லுக்குப் போட்டு, காட்பாடியிலிருந்து எந்தப் பக்கம் வரணும் என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஆன்லைனில் வாங்கிய சார்ஜர் ஒன்று இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்த வேலூரில் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். புகாரைச் சரிபார்க்கக் கம்பெனி எந்த நம்பருக்குப் போன் செய்யும்? புகாருக்கு உரிய நம்பருக்கு. அதாவது மோட்டாருக்கு. பெட்டி, தெரியாத நம்பர் என்றால் கட் பண்ணிவிடும். அப்படித்தான் செட் செய்து வைத்திருக்கிறேன். மூன்று முறை கூப்பிட்டு, வாடிக்கையாளர் பேச மறுக்கிறார் என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

எந்திரத்துக்குத் தனி நம்பர் இல்லையா என்றால், இருக்கிறது. எந்திரத்தோடு எந்திரம் பேசுகிற சிம்களுக்கு 13 இலக்க எண் என்று 2018-லேயே மத்திய அரசு தனி வரிசை ஒதுக்கியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "பதிமூணு நம்பரா? பத்துத்தானுங்ணா வரும்" என்று எனக்கு எண்ணிக் காட்டினார்.

ராத்திரி ரெண்டேகாலுக்குத் தண்ணீர் கடை சேர்ந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து சிம்மைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "மோட்டாருக்குச் சோறு போட மறந்துட்டீங்களாக்கும்" என்றாள் வீட்டுக்காரி, கண்ணைத் திறக்காமலே. பிஸ்கட் டின்னிலிருந்து 1100-ஐ எடுத்துச் சார்ஜ் ஏற்றி, சிம்மைப் போட்டுப் பார்த்தேன். சிம்மின் வயிற்றில் இருபது மெசேஜுக்குத்தான் இடம். இருபதும் நிரம்பியிருந்தது. மோட்டாருக்கு ஐந்து லட்சம் பர்சனல் லோன் முன்கூட்டியே அனுமதியாகியிருந்தது. ரம்மி ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். காலர் ட்யூன் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நடுவில் இரண்டு மெசேஜ்: உங்கள் வாலிடிட்டி நாளையுடன் முடிகிறது. தப்பு அவர்கள்மேல் இல்லை என்றுகூடச் சொல்லலாம். முறைப்படி மோட்டாரிடம் தெரிவித்துவிட்டார்கள்.

விடிந்ததும் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைப் பையன் எப்போதும் போல, தினம் ஒரு ஜிபி வருகிற பிளானைத் தொடப் போனவன், நம்பரைப் பார்த்து நிறுத்தினான்.

"இது மோட்டார் நம்பருங்ளா மாமா? மோட்டாருக்கு எதுக்குங்க நெட்டு? படம் பாக்குமா?"

2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. டிசம்பரில் டிராய், நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஜனவரியில் வந்தது. ஆனால் ஆப்பில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று இருபது வருசச் செல் பைத்தியமான எனக்கே தெரியவில்லை. பையன் நாலு தட்டில் எடுத்துக் கொடுத்தான். 84 நாளைக்கு நானூற்றெழுபதை ஒட்டிய விலை. நாளைக்கு இரண்டு கால் பேசும் ஜீவனுக்கு இதுவும் அதிகம்தான். நெட்டுக்கும் சேர்த்துத் தண்டம் கட்டுவதற்கு இது தேவலை.

கம்பெனிக்காரர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம். கிணற்று மேட்டில் இருக்கும் சிம்முக்கு வருசத்துக்கு ஒருமுறை, வெற்றிலை விற்ற கையோடு கட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பிளான் போடுங்கள். அதுவரைக்கும், வாலிடிட்டி முடிகிற செய்தியைக் கண் உள்ளவர் நம்பர் ஒன்றுக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்போதைக்கு மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன்: கிணறு, ஆகஸ்டு 3. அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. ஊரே காவிரிக் கரையில் இருக்கும், பையன் கடை திறக்க மாட்டான். முந்தின நாளே போட்டுவிட வேண்டும்.