பேசும் சதுரங்கள் பதித்த ஊர்

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கு எல்லையில், வை, மொன்னோ என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது மொன்மத் என்னும் சிற்றூர். மொன்னோ நதிப் பாலத்தின் மேலே பழைய வாயிற்கோபுரம் ஒன்று நிற்கிறது. பிரித்தானியாவில் இத்தகைய பாலம் இதுவொன்றே எஞ்சியுள்ளது. ஊர் நடுவிலுள்ள பழைய மாளிகையின் முகப்பில், இவ்வூர்க் கோட்டையிற் பிறந்த ஐந்தாம் ஹென்றி மன்னன் சிலையாக நிற்கிறான். அதன் முன்னே, றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சார்ள்ஸ் றோல்ஸ் சிறு விமானமொன்றைக் கையிலேந்தி நிற்கிறார்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வூர் 'உலகின் முதல் விக்கிப்பீடியா நகரம்' என்னும் பெயரைப் பெற்றது. சிறப்பிடங்களிலெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த கியூ.ஆர். சதுரங்கள் பதிக்கப்பட்டன.

இச்சதுரம் 1994இல் யப்பானில் மசாஹிரோ ஹராவும் அவர்தம் குழுவினரும் மோட்டார் உறுப்புகளை இனங்காண்பதற்கு ஆக்கியதாகும். இதனுள் படமோ பாட்டோ இல்லை. தபாலுறை மேல் எழுதிய விலாசம் போல, ஒரு முகவரியே பெரும்பாலும் இருக்கும். கைத்தொலைபேசி அதைப் படித்து, இணையத்திலுள்ள எழுத்தையும் படத்தையும் ஒலியையும் கொணர்ந்து தருகிறது.

மொன்மத்துச் சதுரங்களுக்கு மற்றுமொரு திறமுண்டு. வந்தவரின் தொலைபேசி எம்மொழியில் இயங்குகிறதென அறிந்து, அம்மொழிக் கட்டுரையையே அவை திறந்து காட்டின. அம்மொழியிற் கட்டுரை இல்லையெனில், வேறு மொழிகளையே காட்டின.

அவ்வாறாயின், தமிழர் ஒருவர் அப்பாலத்தருகே நின்றால் என்னாகும்? எவரேனும் தமிழில் எழுதி வைத்திருந்தாலன்றோ அக்கல் தமிழிற் பேசும்! தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. அதன் தொடக்க காலத்திலேயே அதற்கு உழைக்க முன்வந்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். தொழிலாற் கட்டடக் கலைஞரான அவர், ஓய்வு நேரத்திலேயே பல கட்டுரைகளை எழுதினார்.

மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று. நம்மூர்க் கோயில் வாயிலிலோ குளக்கரையிலோ ஒரு சதுரத்தை ஒட்டுவதற்குச் சிறு கடதாசித் துண்டொன்றே போதும். அதன் பின்னே வைப்பதற்குரிய செல்வத்தைத் தேடுவதே அரிய பணி. கோயிலின் வரலாற்றைப் பாட்டனார் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்யலாம். வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய நிழற்படங்களைத் திரட்டலாம். குளத்தை வெட்டிய கதையை எழுதி வைக்கலாம். சதுரத்தை எந்நாளும் அச்சிட்டுக்கொள்ளலாம். முதியோர் குரல் ஓய்ந்தபின் அதனை மீட்டுத் தரும் கருவி எதுவுமில்லை.