பேரன் வண்டியில் ஒரு பெட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன் போன வைகாசியில் ஏலகிரிக்கு வந்தான். வந்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியில். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே கறுப்பாக இன்னொரு பெட்டி. வண்டியின் பின்னால் பொருத்தும் டாப் பாக்ஸ், 46 லிட்டர் கொள்ளளவு.

“தாத்தா, இந்த வாட்டி உங்களைப் பாண்டிச்சேரிக்கு வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். நீங்க சாஞ்சுக்கறதுக்குத்தான் இந்தப் பெட்டி” என்றான்.

என் மனைவி அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “இந்த வயசுல இது தேவையாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாண்டிச்சேரி நான் பிறந்து வளர்ந்த ஊர். 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பத்து வயது. படித்தது பிரெஞ்சில். வேலை கிடைத்ததோ வட ஆற்காட்டில், வேலூரில் குமாஸ்தாவாக. முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்ததில் பிரெஞ்சுக்கு ஒருநாளும் வேலை வரவில்லை. ஓய்வு பெற்றபின் அத்தனாவூர்ப் பக்கம் சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய பள்ளிக்கூட வாசலை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எப்போதோ சொன்னதைப் பேரன் நினைவில் வைத்திருந்தான்.

மறுநாள் காலை திண்ணையில் வேலை ஆரம்பமானது. முதலில் வண்டியின் பின்புறம் இரும்பு கேரியர். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. நான்கு போல்ட்டும் அடியில் பட்டைகளும் வைத்து அந்தத் தட்டைக் கேரியரோடு இறுக்கவேண்டும். பெட்டி அந்தத் தட்டில் ‘டக்’ என்று உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். வேண்டாதபோது சாவியைத் திருப்பிக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகலாம்.

தட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்த இடம் இருந்தது. “உங்களுக்குத் தாராளமா இருக்கட்டும் தாத்தா” என்று அதைக் கடைசிவரை பின்னால் தள்ளினான். நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த நண்பர் முன்பு கொடுத்த தடித்த தோல்துண்டு வீட்டில் கிடந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய சரக்கு. “இரும்பும் பிளாஸ்டிக்கும் உரசக்கூடாது. நடுவுல தோல் வை. நம்ம ஊர்த் தோலுக்கு ஈடு எதுவும் கிடையாது” என்றேன். பெரியவர் சொல்கிறாரே என்று வெட்டி வைத்து இறுக்கினான். கூடவே வந்த விளக்கத் தாளை இருவருமே படிக்கவில்லை. “படம் பார்த்தாலே போதும் தாத்தா” என்றான். அதன் இங்கிலீஷ் பக்கத்தில் கிரீஸ் கையைத் துடைத்தும்விட்டான்.

மாலையில் ஒத்திகை. பாண்டிச்சேரியில் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகப் பக்கத்துத் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்று, ஸ்பானர் பை, தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் பெட்டிக்குள் போயின. நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஜமீன்தார் மாதிரி பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். பொன்னேரி வரை இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நம் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஏறும்போது ஒரு வளைவில் வண்டி திரும்பிய அதே நேரம், பெட்டிக்குள் ‘தொம்’ என்று பலாப்பழம் உருண்டது. பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஹேண்டில் காற்றில் பிடித்ததுபோல் லேசாகிவிட்டது என்று பேரன் பிறகு சொன்னான். திருப்பிய பக்கம் வண்டி வரவில்லை. எதிர்ச்சாரிக்குப் போய்விட்டோம். மேலிருந்து ஒரு வேன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் பிரேக் போட்டார், இவனும் காலை ஊன்றி நிறுத்தினான். நடுவில் நாலு அடி இடைவெளி. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பெயரும் அந்தப் பாதையில் உண்டு. நாங்கள் வண்டியோடு உயிரையும் கொடுத்திருப்போம்.

நான் இறங்கி ஓரமாக நின்றேன். பேரனின் கை நடுங்குவதைப் பார்த்தேன். அவனுக்கு வயது 26.

இரவு தூக்கம் வரவில்லை. அந்த விளக்கத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து மொழிகளில் அச்சாகியிருந்தது. இங்கிலீஷ் பக்கம் கிரீஸில் போயிற்று. அடுத்த பக்கம் பிரெஞ்சு! கேரியருக்கு அவர்கள் சொல்லும் ‘போர்த் பகாஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சிறுவயதில் ஓட்டிய சைக்கிள் ஞாபகம் வந்தது. தாளில் விஷயம் எளிமையாகவே இருந்தது. பெட்டியில் 10 கிலோவுக்கு மேல் வைக்காதே. கேரியர் தாங்கும் அளவு அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைவான அளவே கணக்கு. கனமானதை அடியில், அசையாமல் வை. முதல் பயணத்திலேயே போல்ட்டுகளை மறுபடி பார். வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேரியரில் 7 கிலோ என்று பொறித்திருந்தது. நாங்கள் ஏற்றியது, 4 கிலோ பெட்டியையும் சேர்த்து, 16 கிலோ.

பள்ளியில் வாத்தியார் மர ஸ்கேலைப் பென்சில்மேல் வைத்து ‘லெவியே’ பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. அது தமிழில் நெம்புகோல் என்பதே எனக்குப் பின்னாளில்தான் தெரியும். இங்கே பின்சக்கரத்தின் அச்சுதான் பென்சில். பேரனின் ஹிமாலயனில் இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 146 சென்டிமீட்டர். அச்சுக்குப் பின்னால் 40 சென்டிமீட்டரில் 16 கிலோ தொங்கினால், முன்சக்கரத்தின் மேலிருந்து ஏறக்குறைய நாலரை கிலோவைத் தூக்கிவிடும். நாலரை கிலோ பெரிய விஷயமில்லைதான். ஆனால் சாய்ந்து உட்கார்ந்த என் எடையும், மலை ஏற்றமும், உருண்ட பழமும் அதோடு சேர்ந்துகொண்டன. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலாலேயே சுற்றியது. இறுக்க இறுக்கத் தோல் நசுங்கிக்கொடுக்கும், பிறகு போல்ட் தளரும். செருப்புக்கு எது நல்ல குணமோ அது இங்கே ஆகாது.

ஆக, பெட்டி பின்னால் போனது என் வசதிக்காக. போல்ட் தளர்ந்தது என் பேச்சால். காலையில் பேரனிடம் அப்படியே சொன்னேன். “விடுங்க தாத்தா, நானும்தானே படிக்கல” என்றான்.

தோலை எடுத்துவிட்டுக் கூட வந்த ரப்பரையே வைத்தோம். தட்டை முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். உள்ளே திருகு வழிய நைலான் வளையம் உள்ள நட்டுகளை, நாலு மூலையையும் மாற்றி மாற்றி இறுக்கினோம். பெட்டிக்குள் மழைக்கோட்டு, என் மாத்திரைப் பை, இட்லிப் பொட்டலம், அவ்வளவுதான். ஸ்பானரும் தண்ணீரும் வண்டியின் இருபக்கமும் தாழத் தொங்கும் பைகளுக்குப் போயின. தோல்துண்டு வீணாகவில்லை. பெட்டியின் தரையில் விரித்தோம், பொருள் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. பலாப்பழத்தை வீட்டிலேயே அறுத்தாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பாண்டிச்சேரி. திருவண்ணாமலையில் டீ குடிக்க நின்றபோது போல்ட்டுகளைப் பார்த்தோம். ஒன்று கால் சுற்று இறங்கியது, மற்றவை அசையவில்லை. பெட்டி முன்னால் வந்துவிட்டதால் எனக்கு இடம் குறைவு. சாய்ந்து உட்காரும் பேச்சே இல்லை. வழியெல்லாம் பேரனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவன் முதுகோடு ஒட்டியேதான் போனேன். சின்னவனாக இருந்தபோது என் ஸ்கூட்டரில் அவன் இப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டு வருவான்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டேன். மனைவி கேட்ட முதல் கேள்வி, “பெட்டி ஆடலையே?”

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிப் பெட்டி வைத்திருப்பார்கள். மலை ஏறும் முன் அதை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். உள்ளே என்ன கனம் என்று கேளுங்கள். திட்டமாட்டார்கள்.