ஆண்டில் ஒரு நாள் திறக்கும் மலை

மாநகரங்களில் குன்றின்மேல் பூங்கா அமைப்பது பழைய வழக்கம். மும்பை மலபார் குன்றின் தொங்கு தோட்டத்திற்கு மாலைதோறும் மக்கள் குடும்பத்தோடு சென்று காற்று வாங்கி மீள்வர். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் அத்தகைய மலையுச்சி ஒன்று உண்டு. ஆயின், அதனை மனிதர் வளர்க்கவில்லை. அதன் கதவும் ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலா நாளன்று மட்டுமே திறக்கப்படுகிறது. கூடலூருக்குத் தெற்கே, வண்ணாத்திப்பாறை மலைமீது நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டமே அது.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், தமிழகமும் கேரளமும் கைகோக்கும் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி அமைந்துள்ளது இக்கோட்டம். செல்வதற்கு இரு வழிகள் உள்ளன. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப் வண்டிகள் செல்கின்றன. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் ஏறலாம். முதியோர் ஜீப்பை நாடுவர். கால் வலிமையுள்ளோர் விடியுமுன்னரே நடக்கத் தொடங்குவர்.

நடைவழியே சுவையானது. அடிவாரத்தில் மரங்களின் நிழல் கிட்டும். மேலே செல்லச்செல்லப் புல்வெளி விரிந்து வெயில் முகத்தில் அறையும். எனினும் காற்று குளிர்ந்தே வீசும். முன்பின் அறியாதோரும், “இன்னும் கொஞ்சந்தான் அம்மா, ஏறிவிடலாம்” என்று ஒருவருக்கொருவர் தெம்பூட்டுவர். வழியில் தண்ணீர் வழங்குவோர் எவரிடமும் ஊரோ குலமோ கேட்பதில்லை.

உச்சியை அடைந்தால் கண்முன் நிற்பவை பெருங்கற்களை அடுக்கிய பழஞ்சுவர்களும் சிதைந்த மண்டபங்களுமே. கீழே கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாயென விரிந்து கிடக்கும். நெல்வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் என வகைவகையாய்ப் பசுமை தெரியும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையை, 1832-இல் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். பள்ளத்தாக்கின் வளத்திற்கு ஊற்றாவது 1895-இல் நிறைவுற்ற பெரியாறு அணை. பென்னி குக் எழுப்பிய அவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வருகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தந்து, பின்னர் வயல்களை அடைகிறது. அவ்வூரில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னி குக் மணிமண்டபத்தை ஆண்டின் பிற நாட்களிலும் காணலாம்.

சிலப்பதிகாரக் கதை நாம் அறிந்ததே. கணவனை இழந்த கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்டாள். மதுரை எரிந்தபின் வையைக்கரை வழியே மேற்கு நோக்கி நடந்தாள். மலைமீது வேங்கை மர நிழலில் நின்றாள். அவள் விண்ணேகியதைக் கண்ட குன்றக் குறவர் செய்தி சொல்ல, சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லால் அவளுக்குக் கோட்டம் எடுத்தான். இம்மலைக் கோயிலே அக்கோட்டம் என்பதை 1963-ஆம் ஆண்டில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து வெளியிட்டார்.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த இடத்திற்கு ஒரு நாள் மட்டுமா என்று வருந்துவோர் பலர். கோயில் எந்த மாநிலத்திற்குரியது என்ற வழக்கும் நெடுங்காலமாக நீடிக்கிறது. ஆயினும், அந்த ஒரு நாளில் தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிருவாகங்களும் சேர்ந்தே விழாவை நடத்துகின்றன. மறுபுறம், ஆண்டின் எஞ்சிய நாட்களில் யானையும் காட்டெருதும் அச்சமின்றி உலவுவது இக்கட்டுப்பாட்டால் அன்றோ? பாதையைச் செப்பனிட வேண்டும், இடிந்த சுவர்களைக் காக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் நியாயமானதே. ஆனால் மலையை அங்காடித் தெருவாக்கிவிட்டால், காணச் சென்றதையே நாம் இழந்துவிடுவோம். காட்டுக்குள் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. பாத்திரத்தில் நீர் எடுத்துச் செல்வதே நன்று. மாலைக்குள் அனைவரும் இறங்கிவிட வேண்டும்.

நேர்மையற்ற நடுவனிடம் சளைக்காது முறையிட்ட கைம்பெண்ணை நற்செய்தியில் அறிந்தவர்கள் நாம். துணையற்ற பெண்ணொருத்தி அரசனின் வாயிலில் நின்று “நீதி எங்கே?” என்று கேட்ட கதை நமக்கு அயலானதன்று. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், இக்கற்கள் எந்த மன்னனின் வெற்றிக்காகவும் அடுக்கப்பட்டவை அல்ல, நீதி கேட்ட ஒரு பெண்ணுக்காக அடுக்கப்பட்டவை என்பதை அங்கேயே அமர்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். நம் ஊர்களிலும் கையில் மனுவோடு அலுவலக வாயிலில் காத்திருக்கும் தாய்மார் உண்டு. அவர்தம் முறையீட்டுக்குச் செவிகொடுப்போமாயின், மலையேறிய களைப்பு வீண்போகாது.