ஏறாத கண்ணாடி

2024 மார்கழியில், மனைவியின் அண்ணன் முறையான ஒருவரது கருமாதிக்காகப் பதுளைக்குப் புறப்பட்டோம். வெல்லவாயவிலிருந்து மலையேறும் வழியில், இராவணன் எல்ல அருவியைப் பார்ப்பதற்காக அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அது மீண்டும் ஏறவில்லை.

ஊவாவில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். அவளுக்கோ ஆஸ்துமா. எல்ல நகரை அடைவதற்குள் சேலைத் தலைப்பு முழுவதும் நனைந்துவிட்டது. "அந்தச் சுவிட்சைச் சும்மா சும்மா அழுத்தாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?" எனக் கடிந்துகொண்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள்; நான் கேட்கவில்லை.

என் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதே கதவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் கொழும்பில் ஒரு கராஜில், 'மோட்டர் எரிந்துவிட்டது' என்று கூறி வேறொன்றை மாற்றியிருந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் என்னைப்போல் பழைய காரைக் கட்டியழுதவர்கள், உதிரிப்பாகக் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கும்பல்வெல செல்லும் வழியில், ஒரு தகரக் கொட்டகையின் முன் காரை நிறுத்தினேன். தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும்.

"மத்தக் கண்ணாடியெல்லாம் வேலை செய்யுதா ஐயா?"

செய்தது. என் காரில் நான்கு கண்ணாடிகளுக்கும் ஒரே பியூஸ். ஆகவே அதில் பழுதில்லை. அடுத்து, முன்விளக்கைச் சுவரை நோக்கி எரியவிட்டுச் சுவிட்சை அழுத்தினார். வெளிச்சம் சற்றும் மங்கவில்லை. இறுகி நின்றுபோன மோட்டராயினும் மின்சாரத்தை உறிஞ்சும். அப்போது விளக்கு மங்கும். இங்கே மோட்டருக்கு மின்சாரமே போகவில்லை என்றார்.

கதவின் உட்பலகையைக் கழற்றி, மோட்டரின் பிளக்கில் மீட்டரை வைத்தார். சுவிட்சை அழுத்தியதும் 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருகிறதே தம்பி, அப்படியானால் மோட்டர்தானே?" என்றேன். கொழும்பிலும் இந்த இடத்தோடு நின்றிருப்பார்கள் போலும். அவர் பதில் சொல்லாமல், பிரேக் விளக்கின் 21 வாட் பல்பொன்றை அதே பிளக்கில் பிடித்தார். அது எரியவில்லை.

வயர் என்பது மெல்லிய செப்பு இழைகளின் கட்டு. அவற்றுள் பெரும்பாலானவை அறுந்து, எஞ்சிய ஓரிழை களிம்பேறித் தொட்டும் தொடாமலும் இருந்தாலும், மீட்டர் 12 என்றே காட்டும். ஏனெனில் மீட்டருக்கு வேண்டிய மின்னோட்டம் மிகமிகச் சொற்பம். மோட்டருக்கோ பல ஆம்பியர் வேண்டும். சுமையேற்றியவுடன் அந்த 12 வோல்ட்டும் அறுந்த இடத்திலேயே விழுந்துவிடும். பற்றரியிலிருந்து மோட்டருக்கு நேரே இரண்டு வயர்களைக் கொடுத்தபோது கண்ணாடி தயக்கமின்றி ஏறியது.

"தம்பி, கதவைத் திறக்கும்போது ஒரு தடவை அது கொஞ்சம் அசைந்தது. வழியிலேயே சொல்ல வந்தேன்" என்றாள் மனைவி.

"அதுதான்மா விசயம்!" என்றவர், கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் உறையை உருவினார். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடிந்து நிமிரும் இடம் அது. உள்ளே ஒரு வயர் பச்சைக் களிம்போடு இற்றுக் கிடந்தது. கொழும்பில் கதவை அகலத் திறந்து வேலை செய்தபோது அறுந்த முனைகள் தற்செயலாக ஒட்டியிருக்க வேண்டும். புது மோட்டர் இரண்டு மாதம் ஓடிய இரகசியம் அதுவே. அது அறியாமையோ பேராசையோ, இனித் தீர்ப்புச் சொல்லிப் பயனில்லை.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, வளையக்கூடிய புது வயர்த் துண்டொன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாதம்கூடத் தாங்காதாம்.

"பழைய மோட்டரைக் கேட்டு வாங்கினீங்களா ஐயா?"

வாங்கவில்லை.

தெமோதரையைத் தாண்டும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு, கடிந்துகொண்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மழை விட்டுவிட்டது. கண்ணாடியை இறக்கட்டுமா?" என்றாள்.