இறங்கிப் பார்த்த வடக்கு

மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் பூட்டிய திசைகாட்டி அழகுக்கு மட்டும்தான் உதவும். உடுவிலில் இருந்து புறப்படுகிறவனுக்கு அது எதற்கு? காங்கேசன்துறை வீதியில் ஏறினால் வடக்கே சுன்னாகம், தெற்கே யாழ்ப்பாணம். திசை தெரியாதவனும் பஸ் போர்டை வாசித்துத் தப்பிவிடுவான்.

எனக்கு அது தேவைப்பட்டது 2017 ஜூலையில். மயிலிட்டித் துறைமுகத்தையும் அதை ஒட்டிய காணிகளையும் படையினர் விடுவித்த நேரம். 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த கடற்றொழிலாளி ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சேர்ட் பொக்கற்றில் காணி உறுதியின் போட்டோக் கொப்பி.

உறுதியில் நாலு எல்லையும் தெளிவாக இருந்தது: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி. நிலத்தில்தான் ஒன்றும் இல்லை. வேலி, மதில், ஒழுங்கை எல்லாம் ஒரே பற்றைக்காடு. வெயிலைப் பார்த்துத் திசை பிடிக்கலாம் என்றால், மத்தியான நிழல் வடக்கே விழும் என்ற பள்ளிக்கூடப் பாடம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம்மூரில் தலைகீழ். நிழல் தெற்கே விழும். மாமா சோளகக் காற்றைப் பிடரியில் வாங்கிக்கொண்டு, “இந்தா, நேர முன்னுக்கு வடகிழக்கு” என்றார். கடலுக்கு அது போதும். உறுதிக்குப் போதாது.

என்னிடம் இருந்தது லண்டன் சித்தப்பா அனுப்பிய திசைகாட்டி. இங்கே அதன் தெற்கு முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசும். பழுதில்லை. லண்டன் பக்கத்தில் பூமியின் காந்தம் முள்ளின் வடக்கு முனையைக் கீழ்நோக்கிப் பலமாக இழுக்கும். அதைச் சரிக்கட்டத் தெற்கு முனையில் பாரம் வைத்துச் செய்கிறார்கள். காந்த நடுக்கோடோ இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவ அங்குள்ள தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். யாழ்ப்பாணத்தில் கீழ்நோக்கிய இழுவை சொற்பம், பாரம் மட்டும் மிச்சம். பெட்டியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் முள் விடுபடும்.

அதைத்தான் ஹாண்டிலில் கட்டியிருந்தேன். தெல்லிப்பளை வரை வடக்கே போகையில் முள் நல்ல பிள்ளையாக நின்றது. கிழக்கே திரும்பியதும் நாற்பது பாகைக்குக் குறையாமல் விலகியது. டாங்கி இரும்பு, சேசிஸ் இரும்பு, எஞ்சினுக்குள்ளே மின் உண்டாக்கும் மக்னெட், ஹெட்லைற்றுக்கு ஓடும் மின்சாரம் எல்லாமாகச் சேர்ந்து இன்னொரு காந்தம். அந்தக் காந்தம் பைக்கோடு கூடவே திரும்பும். இழுவை முன்பின்னாக இருந்தால், வடக்கு நோக்கிப் போகும்போது முள்ளின் நேருக்கே விழுவதால் பிழை தெரியாது; கிழக்கு நோக்கினால் குறுக்கே இழுக்கும். ஒரு பக்கம் சரியாகக் காட்டியதை வைத்து மற்றப் பக்கத்தையும் நம்ப முடியாது. காந்தம் வைத்த ஹோல்டரில் போனை மாட்டித் திசை பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

“எட தம்பி, வள்ளத்திலையே மிசினுக்குக் கிட்ட உதை வைக்கமாட்டம். கழட்டிக்கொண்டு அங்கால நடவன்” என்றார் மாமா.

பத்தடி நடந்தேன். முள் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. பிறகு அதையே வழக்கமாக்கினோம். பைக்கை நிறுத்துவது, நடந்து போய்த் திசை எடுப்பது, அந்தத் திசையில் தூரத்தில் ஒரு மொட்டைப் பனையைக் குறித்துக்கொள்வது, பிறகு முள்ளைப் பார்க்காமல் பனையைப் பார்த்தே ஓடுவது. மூன்றாவது பனையடியில் கிணற்றுக் கட்டு அகப்பட்டது. அதன் உள்விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்களை மாமா விரலால் தடவிப் பார்த்தார். எங்களுடையதுதான் என்றார். கிணற்றிலிருந்து கிழக்கே எடுத்த கோட்டில், பற்றைக்கு அடியில் ஒழுங்கையின் கல் தட்டுப்பட்டது.

உடனே கதியால் போட நின்றார். நான் மறித்தேன். நம்மூரில் முள் காட்டும் வடக்கு உண்மை வடக்குக்கு ஏறத்தாழ 2 பாகை மேற்கே. நூறு மீற்றர் நீள எல்லையில் அது மூன்றரை மீற்றர். அரையடிக்கே கோடேறும் சனம் நாங்கள். எல்லையை நில அளவையாளர்தான் வந்து பிடிக்க வேண்டும் என்றேன்.

மாமா தலையாட்டினார். ஆனாலும் ஒரு கிளுவந்தடி வெட்டி, தன் காணி என்று நினைத்த பக்கம் நாலு பாகம் உள்ளே தள்ளி ஊன்றிவிட்டுத்தான் பைக்கில் ஏறினார்.